காரீயமும் அதன் அணுவின் சுருதியும்

மட்டக்களப்பு வாவியிலே முழுநிலாக் காலத்து இரவுகளில் நீரடியிலிருந்து ஓர் இசை எழுவதுண்டு. துடுப்பின் ஒரு முனையை நீருள் இறக்கி, மறுமுனையைக் காதோடு சேர்த்து அதனைக் கேட்பது இப்பகுதியார் வழக்கம். காணமுடியாத ஒன்றை அதன் சுருதியால் அறியும் வழி இது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழ்களின் அமைப்பை இசைக்கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட்டார். அணுவை ஆராய்வோரும் இவ்வழியையே நாடுகின்றனர்.

மாணவர் கையிலுள்ள பென்சிலின் கரிய கூர், காரீயமும் களிமண்ணும் கலந்து செய்யப்பட்டது. காரீயத்திலே காபன் அணுக்கள் அறுகோண வலைபோற் பின்னி, படைமேற் படையாக அடுக்கப்பட்டுள்ளன. வலைக்குள்ளே பிணைப்பு வலிது, படைகளுக்கிடையே மெலிது. ஆதலாலன்றோ பென்சில் தாளில் வழுக்கி எழுதுகின்றது! 2004ஆம் ஆண்டில் மான்செஸ்ரர் நகரில் கைம், நோவோசெலோவ் என்னும் இருவர், ஒட்டும் நாடாவினால் ஒற்றைப் படையை உரித்தெடுத்து ஆராய்ந்தனர். அதுவே கிரபீன். 2010ஆம் ஆண்டில் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர்.

இப்படைகளின் தன்மையை எவ்வாறு அறிவது? எக்ஸ் கதிரின் சக்தியைச் சிறிது சிறிதாக உயர்த்தி, பொருள் எவ்வளவை உறிஞ்சுகின்றது என அளக்கின்றனர். ஏறக்குறைய 285 இலத்திரன்வோற்றை அடைந்ததும் காரீயம் சட்டென மிகுதியாக உறிஞ்சும். அணுவின் உட்கூட்டு இலத்திரன், படைக்கு மேலும் கீழும் பரந்துள்ள வெற்றிடத்துக்குத் தாவுவதன் அடையாளம் அது. 292ஐ அண்மிய இன்னோர் எழுச்சி, படையின் தளத்திலுள்ள பிணைப்பைச் சார்ந்தது. முனைவாக்கிய கதிரைச் செங்குத்தாக விழச்செய்தால் முதல் எழுச்சி ஒடுங்கும். உரிய திசையிற் சாய்த்தால் ஓங்கும். படைகள் ஒழுங்கின்றிக் கசங்கிக் கிடப்பின் இவ்வேறுபாடு மறையும்.

இஃது இலங்கைக்கு ஏன் வேண்டும்? போகலை, கஹட்டகஹ சுரங்கங்களிலே பாறைப் பிளவுகளில் நரம்புபோல் ஓடும் காரீயம், தூய்மையிற் சிறந்தது. அதனை அமிலங்களால் ஒட்சியேற்றிப் படைகளைப் பிரித்து, பின்னர் ஒட்சிசனை நீக்குவது கிரபீன் ஆக்கும் ஒரு முறை. ஒட்சிசன் எஞ்சினால் மின்கடத்தும் திறன் குன்றும். கண்ணுக்கோ நல்லதும் தீயதும் ஒரே கரும்பொடி. ஒட்சிசனோடு பிணைந்த காபன், 288 இலத்திரன்வோற்றை அண்மித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தன் பொருளின் தன்மையை அளந்து சொல்ல மாட்டாதவன், பிறர் சொன்ன விலைக்கே விற்கவேண்டும்.

இவ்வாய்வுக்கு வேண்டிய சிங்குறோத்திரன் இலங்கையில் இல்லை. இந்தியாவின் இந்தூர் நகரில் இண்டஸ்-2 என்னும் பொறி உண்டு. பொறியைக் கட்டப் பெருஞ்செல்வம் வேண்டும். அதனிடம் கேட்கத்தக்க நல்ல வினாவை ஆக்கவோ கல்வி போதும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பௌதிகவியல் பயிலும் இளைஞர்க்கும் அது கைக்கெட்டும் செல்வமே.