சம்பா கோவிலுக்குப் போகும் நம் மக்கள்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் மக்களுள் கோவிலுக்குப் போகும் கிறித்தவர்களின் அன்றாட வாழ்வைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். வேதநூலுக்கு விளக்கம் கூறும் தகுதி நமக்கு இல்லை. அதற்குக் குருமார் உள்ளனர். நாம் பேச வந்தது வேதத்தைப் பற்றியன்று, வேதக்காரரைப் பற்றியே. இச்சங்கத்தில் இந்துக்கள் உளர், கிறித்தவர் உளர். ஒரே தெருவில் வாழ்ந்து ஒரே குழாயடியில் நீர் பிடிக்கின்றோம். ஆயினும் ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டார் முக்காடிட்டு எங்கே செல்கின்றனர், அங்கே எவ்விடத்தில் அமர்கின்றனர், திரும்பும்போது எதைச் சுமந்து வருகின்றனர் என்பதை நம்முள்ளேயே பலர் அறியார்.

புதுச்சேரித் தொழிலாளர் குடும்பங்களின் பொழுதை அந்நாளில் இரண்டு ஓசைகள் அளந்தன. ஒன்று ஆலைச் சங்கு, மற்றொன்று கோவில் மணி. 1898இல் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டது; அச்சங்கு ஓய்ந்துவிட்டது. மணி ஓயவில்லை. இரவு முறை வேலை முடித்த எம் தந்தையார், தலையில் பஞ்சு ஒட்டியபடி வீடு வந்து, இரண்டு வாளி நீரை ஊற்றிக்கொண்டு, எங்களை முதற் பூசைக்கு இழுத்துச் செல்வார். பிரசங்கம் தொடங்கியதும் உறங்குவார். பீடத்தில் மணி ஒலித்ததும் தவறாமல் விழித்து முழந்தாளிடுவார். அதனைப் பக்திக் குறைவு என்று நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. எட்டு மணி நேரம் தறியின் முன் நின்ற மனிதருக்கு உட்காரக் கிடைத்த இடம் அது ஒன்றே.

பாட்டியார் கதை வேறு. பூசை இலத்தீன் மொழியில் நடந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். 1960களில் தமிழ் வழிபாடு வந்த பின்னரும், பிரார்த்தனைக்குப் பழைய இலத்தீன் மறுமொழியையே முணுமுணுப்பார். ஓரெழுத்தும் பிசகாது. தம் பெயரை எழுத அறியாதவர், பொருள் விளங்காத மொழி ஒன்றை முழுமையாக நெஞ்சில் வைத்திருந்தார். நம் பெண்டிர்க்குக் கல்வி ஏறாது என்று எவரேனும் கூறினால், நமக்கு அவர் நினைவே வரும்.

புதுநன்மை வாங்கும் நாளில் வெள்ளைச் சட்டை வேண்டும். எங்கள் வளவில் ஒரு சட்டை இருந்தது. மூன்று ஆண்டுகளில் நான்கு பிள்ளைகள் அதே சட்டையில் புதுநன்மை வாங்கினர். நால்வரும் வெவ்வேறு பருமன். எனவே ஊசியும் நூலும் அச்சட்டையை விட்டு நீங்கியதில்லை.

இனி, அமரும் இடத்தைப் பற்றிக் கூறவேண்டும். இளைஞர்கள் இதனைச் செவிகொடுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

மிஷன் வீதியில் உள்ள அமலோற்பவ அன்னைப் பேராலயத்தையே நம் மக்கள் சம்பா கோவில் என்பர். பிரெஞ்சுக்காரர் வாயில் வழங்கிய புனித பவுல் பெயர் நம் வாயில் மருவிச் சம்பா ஆயிற்று. இன்று நாம் காணும் கட்டடம் 1791இல் நிறைவுற்றது. அதற்கு முன்னிருந்த கோவிலை 1761இல் ஆங்கிலேயர் நகரத்தோடு சேர்த்து இடித்தனர். அப்பழைய கோவிலின் உள்ளே, வடபுறத்தில், ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் சாதிக் கிறித்தவர், மறுபக்கம் நம்மவர்.

இவ்வழக்கம் உரோமைக்குத் தெரியாததன்று. 1704ஆம் ஆண்டு இதே புதுச்சேரியில் தங்கியிருந்த திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். சேரியில் சாகக் கிடப்பவரின் குடிசைக்கே குரு சென்று இறுதித் திருவருட்சாதனம் அளிக்கவேண்டும் என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. சேரிக்குள் கால் வைத்தால் மேற்சாதியார் தம்மை விலக்குவர் என்று அஞ்சிய குருமார் அந்நாளில் இருந்தனர் என்பது இதனாலேயே விளங்கும். நாற்பது ஆண்டுகள் வழக்காடிய பின், 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அதனை மீண்டும் வலியுறுத்தினார். ஆணை காகிதத்தில் இருந்தது. சுவர் கல்லாக நின்றது.

1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். காரைக்கால் கோவில் குரு ஒருவர் புதுச்சேரிக்கு வந்து, சுவரைக் கண்டு, நம் மக்களிடம் அதைப் பற்றிப் பேசினார். பெரிய சேரியாரும் ஒழுகரைச் சேரியாரும் மற்றோரும் ஒன்றுகூடிப் பெரிய சாமியாரிடம் சென்றனர். நாங்கள் உம் சீடர்களாயின் எல்லோரையும் ஒன்றாக நடத்தவேண்டும்; ஆண்டவர் வேற்றுமை பாராட்டவில்லையே, நீர் ஏன் பாராட்டுகிறீர் என்னும் கருத்துப்பட வினவினர். அவர் அதனை நியாயம் என ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார். அன்று மாலைப் பூசையில் வெள்ளையர், சட்டைக்காரர், தமிழர், நம்மவர் அனைவரும் கலந்து அமர்ந்தனர்.

பிள்ளை கிறித்தவர் அல்லர்; நம் மக்களுக்குப் பரிந்து எழுதியவரும் அல்லர். அதனாலேயே அவர் சாட்சியம் வலிவுடையதாகிறது. குருவானவர் தாமாக மனமிரங்கினார் என்று அவர் எழுதவில்லை. போய்க் கேட்டார்கள் என்றே எழுதினார். கேட்டவர்களின் பெயர்கள் ஏட்டில் இல்லை. நம்முள் யாருடைய பாட்டனுக்குப் பாட்டன் அக்கூட்டத்தில் நின்றானோ!

இவ்விடத்தில் கதையை நிறுத்தினால் அது கதையாக இருக்கும், வரலாறாக இராது. உடனே பூசல் மூண்டது. சாதிக் கிறித்தவர் குருவானவரோடு வாதிட்டனர், கோவிலுக்கு வரமாட்டோம் என்றனர். அதே ஆண்டு நவம்பரில், அரசின் தலைமைத் துபாசியும் கிறித்தவருமான கனகராய முதலியார், ஒழுகரையில் தாம் எழுப்பிய கோவிலுக்காகப் பெருவிருந்து நடத்தினார். அந்தணர் முதல் வெள்ளையர் வரை அனைவருக்கும் அவரவர் முறைமைக்கேற்பத் தனித்தனியே உணவு. சுவர் வீழ்ந்த சில வாரங்களில், உணவுப் பந்தியில் எத்தனை சுவர்கள் பாருங்கள்! நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவிலோ, இரு சாதியார் ஒருவரையொருவர் காணாது பூசை காணுமாறு இரண்டு கூடங்களாகவே எழுந்தது. அதன் தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது.

நகரத்தில் இன்று அத்தகைய சுவர் இல்லை. எம் காலத்திலும் இருந்ததில்லை. ஆயினும் திருவிழா என்று வந்தால் ஊர்ப்புறங்களில் நிலைமை வேறு. எம் தாயாரின் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம்; ஊர்ப்பெயர் வேண்டா. அங்கே மாதாவின் தேர் நம் தெருமுனை வரை வந்து திரும்பிவிடும். ஓர் ஆண்டு எம் மாமன்மார் நால்வர் காரணம் கேட்டனர். தெரு குறுகல், தேர் நுழையாது என்றனர் ஊரார். மாமன்மார் அன்றிரவே கயிறு கொண்டு இரு தெருக்களையும் அளந்தனர். நம் தெரு ஒரு முழம் அகலமாக இருந்தது! மறுநாள் அளவைச் சொன்னபோது காரணம் மாறிற்று. மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறதாம். நம் தெருவில் அப்போது மின்கம்பமே நட்டிருக்கவில்லை.

அதன்பின் நடந்ததே வேடிக்கை. மூங்கில் வெட்டினர், ஒரு கட்டை வண்டியை இரவல் பெற்றனர், வண்ணக் காகிதத்தில் பூச்செய்து சப்பரம் கட்டினர். வைப்பதற்குச் சுரூபம் இல்லை. பெரியம்மா வீட்டுச் சுவரிலிருந்த மாதா படத்தைக் கழற்றி அதில் அமர்த்தினர். பெட்ரோமாக்ஸ் விளக்கு இரண்டு. சப்பரம் தெருவைப் பாதி சுற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. விளக்கு இரண்டும் அணைந்தன. காகிதப்பூவின் சிவப்புச் சாயம் கரைந்து பெரியம்மாவின் முகமெல்லாம் வழிந்தது. எவரும் வீட்டுக்குள் ஓடவில்லை. இருட்டில் பாடிக்கொண்டே மூன்று முறை சுற்றி வந்தோம். அடுத்த ஆண்டும் தேர் வரவில்லை, சப்பரம் வந்தது.

இவ்வாறு தனியே எடுப்பது நன்றா என்பதில் எம் சுற்றத்தாரிடையேயே இரு கருத்து உண்டு. தனிச் சப்பரம் தனிக் கோவிலாகும், தனிக் கோவில் தனிக் கல்லறையாகும் என்பர் ஒரு சாரார். இழிவோடு கூடிய பொதுவினும் மானத்தோடு கூடிய தனி மேல் என்பர் மறுசாரார். இது வெறும் வாதமன்று. நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறித்தவர் தமக்குத் தனிப் பங்கு வேண்டிப் போராடியபோது, 2008 மார்ச் 9ஆம் நாள் சாதிக் கலவரம் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். பொதுத்தெரு வழியே பிணம் கொண்டுபோவதும் அங்கே வழக்காக இருந்தது. மாண்டவர் நம் தரப்பினர் அல்லர். ஆயினும் உயிர் உயிரே. நம்மைக் கேட்டால், 1745இல் சென்றவர்கள் தனிக் கோவில் கேட்கவில்லை என்பதையே சொல்வோம். ஆனால் எறையூரில் வாழ்பவர்க்கு நகரத்தில் அமர்ந்து அறிவுரை கூற நமக்கு நா எழவில்லை.

மகிழ்ச்சியான ஒன்றையும் சொல்லிவிடுவோம். வில்லியனூர் லூர்து அன்னைத் திருத்தலம் 1877 முதல் விளங்குவது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த சனிக்கிழமை கொடியேறும். அந்நாள்களில் நள்ளிரவு கடந்து புறப்பட்டு, ரெட்டியார்பாளையம், மூலக்குளம், அரும்பார்த்தபுரம் வழியே நடப்போம். பத்துக் கல் இருக்கும் என்று பாட்டியார் கூறுவார்; பத்துக் கிலோமீட்டர்தான். பெரியவர்கள் செபமாலை சொல்ல, சிறுவர்கள் யார் முதலில் கோவில் விளக்கைக் காண்பது என்று பந்தயம் கட்டுவோம். ஒருமுறை எம் தம்பி சாலையோர மாட்டுவண்டியில் ஏறி உறங்கிவிட்டான். விடிந்தபின் வைக்கோலோடு அவனைச் சந்தையில் கண்டெடுத்தோம். அத்திருக்குளத்தில் நீர் முகக்கும்போது, யார் குடம் என்று எவரும் கேட்டு நாம் கண்டதில்லை. இந்து உறவினரும் உடன் வருவர். மொட்டை அடிப்பர்.

இனிப் பெயரைப் பற்றி. பள்ளித் தலைமையாசிரியர் என்ற முறையில் நம்மை மிகவும் வருத்துவது இதுவே.

புதுச்சேரி மக்களுக்குப் பெயர் மாற்றம் புதிதன்று. 1873இல் பொன்னுத்தம்பி என்னும் வழக்கறிஞர் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டு, பிரான்சு வரை வழக்காடி வென்றார். 1881 செப்டம்பர் ஆணைப்படி, தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர், புதிய குடும்பப் பெயர் சூடினர். பொன்னுத்தம்பி, கதவு என்று பொருள்படும் லாப்போர்த் என்னும் பெயரைக் கொண்டார். அக்கதவின் வழியே நுழைந்தோரில் கிறித்தவரும் நம் மக்களும் மிகுதி. சாதி தெரியாத பெயருடன் சைகோனுக்குச் சிப்பாயாகவும் அலுவலராகவும் கப்பலேறினர். அன்று பெயர் மாற்றம் மேலே ஏறும் படியாக இருந்தது.

இன்று? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதார் அட்டவணைச் சாதியினர் ஆகார் என்றது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். புதுச்சேரிக்கென 1964இல் வந்த ஆணையிலும் இதே வரம்பு உண்டு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், பிற தொழிலாளர்க்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்குக் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டதென உச்ச நீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் இழிவு அதே கடுமையோடு தொடர்வதை மெய்ப்பிக்கவில்லை என்று 1985இல் அவர் வழக்குத் தள்ளுபடியாயிற்று. அதே ஊசி, அதே வெயில், அதே நடைபாதை. கடுமையை அளக்கும் தராசு எக்கடையில் விற்கிறது என நாம் அறியோம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இவ்வரம்பை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் மற்றோர் ஆணையம், முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில், இதனை ஆராய அமைக்கப்பட்டது.

ஆணையங்கள் அமரும் இடத்திலிருந்து நம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு வெகு தொலைவு. ஜூன் மாதம் ஒரு தாய் மகளோடு வருவார். பெயர் என்ன என்போம். பிள்ளை ஒரு பெயரைத் தொடங்குவாள். தாய் அவள் கையை அழுத்துவார். பிள்ளை வேறு பெயரைச் சொல்வாள். ஆறு வயதுக் குழந்தை, தனக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயரும் திங்கட்கிழமைக்கு ஒரு பெயரும் உண்டு என்பதைக் கல்விக்கூடத்தின் முதல் பாடமாகக் கற்கிறாள். அத்தாயைப் பொய்யர் என்று கூறுவோர் உண்டு. நாம் கூறமாட்டோம். உதவித்தொகையின்றிப் படிக்க வைக்க அவரால் இயலாது. மாதாவை விட்டுவிடவும் அவரால் இயலாது.

இவ்வாழ்வை எழுதியவர்கள் நம்மிடையே உளர். பாமாவின் கருக்கு 1992இல் வெளிவந்தது. அவர் தமையனார் ராஜ் கௌதமன் இதே புதுச்சேரியில் பேராசிரியராகப் பணியாற்றியவர்; 2024இல் மறைந்தார். அவருடைய சிலுவைராஜ் சரித்திரம் ஒரு கத்தோலிக்கத் தலித் சிறுவனின் வாழ்வைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது. சங்க நூலகத்தில் இரண்டு நூல்களும் உள்ளன. எடுத்துச் செல்வோர் திருப்பித் தருக.

திருச்சபையும் அசையாமல் இல்லை. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டு தலித் மக்களுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2022இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா, தலித் மக்களிலிருந்து முதல் கர்தினால் ஆனார். அன்று எங்கள் தெருவில் வெடி வெடித்தனர்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1745இல் சென்றவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. சங்க அலுவலகத்தில் இருநூறு பக்க ஏடு ஒன்று வைத்துள்ளோம். இளைஞர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரவேண்டும்: உம் ஞானஸ்நானப் பெயர் யாது, பள்ளிப் பெயர் யாது, சிறுவயதில் கோவிலில் எவ்விடத்தில் அமர்ந்தீர்? விடையை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுக, திருத்த வேண்டா. இந்து வீட்டு இளைஞர்கள், மூன்றாம் கேள்வியில் கோவிலுக்குள் விட்டார்களா என்று கேட்டு எழுதலாம். அலுவலகம் நாள்தோறும் மாலை ஆறு மணிக்குத் திறக்கப்படும். ஏடு மேசையின் மேலேயே இருக்கும்.