கொல்லைக்கு வரும் வல்லூறு

தில்லியில் உங்கள் கொல்லையில் மைனாக்களும் அணில்களும் ஒருங்கே கூச்சலிடுமாயின், வேப்பமரத்தின் இலைச் செறிவை உற்று நோக்குங்கள். அங்கே வல்லூறு ஒன்று அமர்ந்திருக்கக்கூடும். புறாவளவே உள்ள பறவை. முதுகு சாம்பல் நிறம், மார்பில் செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள். பெரும்பாலும் தனியாகவே வரும்.

தலைக்கு மேலே வட்டமிடும் கரும்பருந்துகளோ கூட்டம் கூட்டமாய் ஒரே தோப்பில் இரவைக் கழிப்பவை. இவ்வேற்றுமை ஏன்? உணவு தேடும் முறையே காரணம். குப்பைமேட்டிலும், பழைய தில்லியில் மக்கள் வானில் எறியும் இறைச்சித் துண்டுகளிலும் பலவற்றுக்குப் பங்குண்டு. ஒரு பருந்து தாழப் பறந்தால் மற்றவையும் இடமறிந்து வந்து சேரும். வல்லூறோ ஓசையின்றி ஒளிந்திருந்து, ஓணானையும் சிட்டையும் நொடியில் பாய்ந்து பற்றுவது. துணைக்கு நாலு பேர் வந்தால் இரை தப்பிவிடும்!

ஆயினும் கோடையில், கூடு கட்டும் காலத்தில், அது தனியன் அன்று. பெடை அடைகாக்க, ஆண் இரை கொணரும்.

சென்ற கோடையில் எம் அண்டை வீட்டார், "சிட்டைக் கொல்லும் பாவி" என்று உண்டிவில்லை எடுத்துவிட்டார். மாமரத்துக் கூட்டைக் காட்டி, "இந்த ஆண் வீழ்ந்தால் அங்குள்ளவை பட்டினி" என்றேன். அவர் கல்லைக் கீழே போட்டார். உண்டிவில்லை மட்டும் உள்ளே பத்திரமாக எடுத்துச் சென்றார்.