இடி கேட்டதும் கரையேறுவோம்
(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பலாங்கொடைப் பகுதியில் வாழும் நமக்கு இயற்கை அன்னை குறைவின்றி அளித்திருக்கிறாள். பெலிகுல் ஓயாவின் கரையில் கூடாரம் அடித்துத் தங்கலாம். சமனலவெவ நீர்த்தேக்கத்தில் படகேறலாம். பருவகாலத்தில் பலாபத்தலை வழியாகச் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகலாம். விடுமுறை நாட்களில் நம் இளைஞர்கள் அரிசி பருப்பைக் கட்டிக்கொண்டு புறப்படுவது நன்றே. ஆயினும், போன பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி வரவேண்டும் என்பதல்லவா லயத்து வாசலில் காத்திருக்கும் தாய்மாரின் பிரார்த்தனை? அதுபற்றியே சில வார்த்தைகள் கூற விழைகின்றோம்.

நம் சப்பிரகமுவ மாகாணம் மழையின் கொடுமையை நன்கறியும். 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் சிதைந்தது. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா சூறாவளி இலங்கை முழுவதிலும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று.

பெரும்புயலுக்கு முன்னறிவித்தல் உண்டு. நம்மை ஏமாற்றுவது பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் வரும் இடிமழையே. காலையில் வானம் பளிச்சென்றிருக்கும். இரண்டு மணிக்கு மேல் முகில் திரண்டுவிடும். ஆகவே மலையேறுவதையும் படகோட்டுவதையும் முற்பகலிலேயே முடித்துக்கொள்ளல் வேண்டும்.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீற்றர் தூரம் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. அடுத்தது நம் தலைமேலும் விழலாம். கூடாரத் துணி மின்னலைத் தடுக்காது. தனி மரத்தடியோ அதனினும் ஆபத்து. உறுதியான கட்டடத்துக்குள்ளோ, கதவடைத்த பஸ் வண்டிக்குள்ளோ செல்லுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் சென்றபின்பே வெளியே வரலாம். மின்னல் தாக்கியவரைத் தொட அஞ்சவேண்டாம்; அவர் உடலில் மின்சாரம் தங்கியிராது. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள். 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வருவியுங்கள்.

திறந்த நீர்ப்பரப்பில் படகிலிருப்பவனே யாவற்றிலும் உயர்ந்து நிற்கிறான். முதல் இடியொலியே கரையேறும் கட்டளை. உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே அணியுங்கள்; அலையெழுந்த பின் அணிய முடியாது. காற்று வீசினால் எழுந்து நிற்காமல் தாழ்ந்திருங்கள். படகு கவிழ்ந்தால் அதைப் பற்றிக்கொண்டிருங்கள்.

பெலிகுல் ஓயா ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது. மேலே மழை கொட்டும்போது கீழே வெயில் அடிக்கக்கூடும். தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும், சட்டிபானையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்று நடுவிலுள்ள பாறையிலும் மண்வெட்டிய சரிவின் கீழும் ஒருபோதும் கூடாரம் அடிக்கலாகாது.

புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேளுங்கள். மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுக்கிறது: மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேறல். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

இவையெல்லாம் அறிந்தவர்களும் ஆபத்தில் சிக்குவதேன்? "வான் கூலி கொடுத்தாயிற்றே, பாதியில் திரும்புவதா?" என்பான் ஒருவன். "பயந்தாங்கொள்ளி" என்று சிரிப்பான் இன்னொருவன். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே மற்றவர்கள் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். வான் கூலியை அடுத்த மாதம் சம்பாதிக்கலாம். பிள்ளையை எந்த மாதம் சம்பாதிப்பது?

ஆதலால் நாம் ஒரு வழக்கம் ஏற்படுத்துவோம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தலைவரை முன்கூட்டியே நியமிப்போம். "திரும்புவோம்" என்று அவர் சொன்னால் மறுபேச்சு வேண்டாம். குழுவில் இளையவன் ஐயம் தெரிவித்தாலும் அதற்குச் செவிகொடுப்போம். போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்வோம். பெரியோர்களே, பாதியில் திரும்பி வரும் பிள்ளைகளை ஏளனம் செய்யாமல் மெச்சி வரவேற்க வேண்டுகின்றோம்.

வருமுன் காப்பதே வீரம் எனக் கூறி அமைகின்றோம்.