பத்தாம் வகுப்பைத் தாண்ட இரண்டு வழிகள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“இவனுக்குப் படிப்பு வராதுங்க, எட்டாவதோட நிறுத்திடலாம்னு இருக்கோம்.” மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பற்றி இப்படிச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் குடியிருப்பிலும் நடக்கலாம், ஜவ்வாது மலையிலிருந்து செங்கம் வந்து படிக்கும் பிள்ளைக்கும் நடக்கலாம். நிறுத்துமுன் இரண்டு வழிகளைப் பாருங்கள்.

முதல் வழி, மாநில அரசின் பொதுத்தேர்வு. குறைபாட்டின் தன்மையைப் பொறுத்துக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு எனச் சலுகைகள் உண்டு. டிஸ்லெக்சியா உள்ளவர்களும் கேட்கலாம். ஆனால் தானாகக் கிடைக்காது. மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றுகளைத் தயார் செய்யுங்கள். விவரம் தெரியாவிட்டால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள்.

இரண்டாவது, 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஐந்து பாடங்களில் தேறினால் போதும். ஒன்று மொழிப்பாடமாக இருக்க வேண்டும். கணக்கு கட்டாயமில்லை. மனையியல், ஓவியம் எடுக்கலாம். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம்.

இதில் குறையும் உண்டு. தினமும் பள்ளிக்குப் போகும் பழக்கமும் தோழர்களும் விட்டுப்போகும். வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும். மேல்படிப்புக்கும் அரசு வேலைக்கும் இந்தச் சான்று செல்லுமா என்று சேருமுன்பே உரிய இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை முதல் வழி, அது மிகவும் சுமையானால் இரண்டாவது என்பதே என் கருத்து.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு. வயது வரம்பிலும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. பள்ளிச் சான்று இல்லாத பிள்ளைக்கு அந்த இடம் இருந்தும் பயனில்லை.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பதிலை வாயால் சொல்லி எழுதவைப்பது பழகினால்தான் வரும். மாலையில் அரை மணி நேரம் அப்படி ஒரு பிள்ளைக்குப் பாடம் வாசித்துக் காட்டுங்கள், அது சொல்லும் பதிலை எழுதிக் கொடுங்கள். விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.