ஒரு கூரை போட்ட கதை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"அமெரிக்கா போய் என்னப்பா சாதிச்சே?" என்று வாசலிலேயே ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். "ஒரு கூரை போட்டேன்" என்றேன். சிரித்தார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

2018 அக்டோபர் 10ஆம் நாள் 'மைக்கேல்' சூறாவளி மணிக்கு 160 மைல் வேகத்தில் ஃபுளோரிடாவின் வடமேற்குக் கரையைக் கடந்தது. கடற்கரை அழிவை டி.வி.யில் உலகமே பார்த்தது. உள்ளே தள்ளியிருந்த ஜாக்சன், கல்ஹூன் பகுதிக் கிராமங்களை அதிகம் பேர் பார்க்கவில்லை. அங்கே பல குடும்பங்களுக்குப் பைன் மரம்தான் பாங்க் டெபாசிட். சுமார் 28 இலட்சம் ஏக்கர் காடு சேதமானது.

ஆறு மாதம் கழித்து, என்னோடு வேலை பார்த்தவர் தம் சர்ச் குழுவோடு வீடு கட்டப் புறப்பட்டார். "நீயும் வாயேன்" என்றார். நான் அவர் மதமில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை. சர்ச் ஹாலில் படுக்கை. பொழுது விடிந்தால் வேலை.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு மூதாட்டியின் வீடு. கூரையில் நீலத் தார்ப்பாய், கீழே வரிசையாக வாளிகள். இன்சூரன்ஸ் இல்லை. அரசு உதவியும் இல்லை. ஏன்? வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது, பாகப்பிரிவினை ஆகவில்லை. நம்ம ஊர் பட்டா கதையேதான்! அந்த விதியை அமெரிக்க அரசு தளர்த்தியது 2021இல்தான். சர்ச்காரர்கள் பத்திரம் கேட்கவில்லை. பலகையும் ஆணியும் கொண்டுவந்தார்கள்.

சிவில் படித்த நான் அடித்த முதல் பத்து ஆணியில் ஆறு வளைந்தது. குழுத்தலைவர் ஓய்வுபெற்ற தச்சர். கூரைச் சட்டத்தையும் சுவரையும் இணைக்கும் ஒரு சிறு தகட்டைக் காட்டி, "காற்று கூரையை அமுக்காது, தூக்கும். அதனால்தான் இது" என்றார். இதே கல்லூரியில் பரீட்சைக்கு எழுதிய பாடம் அன்றுதான் புரிந்தது.

வேலை முடிந்த இரவு நல்ல மழை. காலையில் அந்தம்மா சொன்னார்: "பழக்கதோஷம், வாளியெல்லாம் எடுத்து வச்சிட்டேன். ஒரு சொட்டு விழலை."

எல்லோரும் கைதட்டினோம். எனக்கு மட்டும் உள்ளே உறுத்தியது. அதே 2018 நவம்பர் 16இல் 'கஜா' நம் டெல்டாவைச் சாய்த்தபோது அண்ணன் போனில், "தென்னை எல்லாம் போச்சுடா" என்று அழுதார். பணம் அனுப்பினேன், போகவில்லை. ஆறாவது மாதத்தில் அங்கே யார் வீட்டில் வாளி இருந்தது என்று கேட்கவும் இல்லை.

மாணவச் செல்வங்களே, புயலடித்த வாரம் எல்லோரும் ஓடி வருவார்கள். நீங்கள் ஆறாவது மாதமும் போங்கள். ஆணியடிக்கக் கற்றுக்கொண்டு போங்கள். பட்டா மாற்ற மனு எழுதிக் கொடுங்கள். அதுவும் கூரை போடுவதுதான். நம் சங்கம் அதற்கு ஒரு குழு அமைத்தால், முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.