நிற்காத ரயிலும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கும்

(திருவள்ளூரில் அறிவியல், கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



என் பள்ளி கும்மிடிப்பூண்டிப் பக்கம், தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் இயக்கம் பாடத்துக்கு வந்தே பாரத் ரயிலை எடுத்துக்கொண்டேன். முதல் கேள்வியே, "சார், அது திருவள்ளூர்ல நிக்குமா?" மைசூருக்கும் கோவைக்கும் போகிற வண்டிகள் அந்த வழியாகத்தான் போகின்றன, ஆனால் நிற்பதில்லை என்றேன். பையன் முகம் வாடிவிட்டது.

ஆனால் அந்த ரயில் பிறந்த இடம் நம் பெரம்பூர். 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலை, 2018-இல் முதல் வண்டியை உருவாக்கியது. அந்த ஆண்டை வைத்தே 'ட்ரெயின் 18' என்று பெயர். 2019 பிப்ரவரி 15-இல் டெல்லி – வாரணாசி இடையே ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவுக்கு 2022 நவம்பரில் வந்தது. முன்னால் தனியாக எஞ்சின் கிடையாது. 16 பெட்டிகளில் பாதிக்கு அடியில் மோட்டார்கள் இருக்கின்றன. ஒருவர் மட்டும் தேரை இழுப்பதற்கும், வடத்தைப் பலர் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். போன ஆண்டு எங்கள் மாணவி ஒருத்தி தண்டவாளத்தைக் கடக்கும்போது செருப்பு கழன்றது. திரும்பிப் போய் எடுத்தாள். பிழைத்துக்கொண்டாள். வகுப்பில் கேட்டபோது, "ரயில் தூரத்துலதான் சார் இருந்துச்சு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கண் பழகியது, நிலையத்தில் நிற்பதற்காக வேகம் குறைத்து வரும் மின்சார ரயிலுக்கு. நேர் எதிரே வரும் வண்டி வெகுநேரம் ஒரு புள்ளியாகவே தெரியும். கடைசி சில விநாடிகளில்தான் சட்டென்று பெரிதாகும். கண்ணை நம்பி வேகத்தை அளக்க முடியாது.

சென்னை – கூடூர் தடத்தில் 2022 முதல் மணிக்கு 130 கி.மீ. வரை அனுமதி. வந்தே பாரத் வராத எங்கள் பக்கத்திலும் சாதாரண எக்ஸ்பிரஸ் அந்த வேகத்தில் போகலாம். 130-ஐ 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு 36 மீட்டர். எதிர் முடுக்கத்தை 1 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். 72 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்க 200 மீட்டர் வேண்டும். 130-இல் வருவதற்கு ஏறக்குறைய 650 மீட்டர். வேகம் 1.8 மடங்குதான், தூரம் மூன்று மடங்குக்கும் மேல். பாடப்புத்தகச் சமன்பாடுதான் இது. ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

பிறகு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். இரண்டு தடங்களின் அகலத்துக்குப் பத்து மீட்டர். புத்தகப் பையோடு நடக்கவிட்டு நேரம் பார்த்தோம். 8 முதல் 11 விநாடி வரை ஆனது. பத்து விநாடியில் ரயில் 360 மீட்டர் வந்துவிடும். பலகையில் இதை எழுதியபோது வகுப்பில் சத்தமே இல்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடைமேம்பாலத்தைச் சுற்றி வர எங்கள் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் கூடுதலாகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் பிள்ளையை மட்டும் திட்டுவது நியாயமில்லை. அதனால் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குத் தாமதமாக வருபவர்களை இப்போது வெளியே நிறுத்துவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் சுரங்கப்பாதை கேட்டுத் தீர்மானமும் போட்டிருக்கிறோம்.

செருப்பைத் தேடிப் போன அந்த மாணவி போன வாரம் கேட்டாள்: "பாலத்துப் படி ஏறி இறங்க மட்டும் எவ்வளவு நேரம் ஆகும் சார்?" திங்கட்கிழமை அதையும் அளக்கப் போகிறோம். கடிகாரம் அவள் கையில்.