சூலுற்றார் மனநிறைவு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சூலுற்ற மகளிர்க்குச் செய்யப்படும் மருத்துவப் பேணுகையில் அவர்தம் மனம் நிறைகின்றதா என்பதே யான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நகைப்பார் நகைக்க. ஒரு சொல்லே என்னை இதனுட் புகுத்தியது.

‘அமைதல்’ என்னும் சொல்லுக்கு மனம் நிறைதல் என்பதும் பொருள். அடங்கிப் பொறுத்துக்கொள்ளல் என்பதும் பொருள். மருத்துவமனை வாயிலில் நின்று, “உமக்கு நிறைவுதானா?” என்று வினவுவார்க்கு நம் பெண்மக்கள் கூறும் “ஆம்” இவ்விரண்டனுள் யாது? பேறுகாலத்தில் மீண்டும் அவ்வாயிலையே நாட வேண்டியவள் ஆங்குக் குறை கூறத் துணிவாளோ? என் தமக்கை மகள் ஐந்து மாதச் சூலோடு காலையிற் சென்று பிற்பகலில் மீண்டாள். “நன்றாய்த்தான் பார்த்தார்கள், மாமா” என்றாள். இரவில் அடுக்களையில் தன் தாயிடம் மட்டும், குருதி எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டும் விடை கிடைத்திலது எனச் சொல்லிக் கண் கலங்கினாளாம்.

இத்தகைய குறைகளைச் சிறியன என்று தள்ளற்க. அர்ஜென்டினா, கியூபா, சவுதி அரேபியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் ஒரு பெருஞ்சோதனை நடத்தி, 2001-இல் அதன் முடிபு வெளிவந்தது. நோய்க்குறி இல்லாச் சூலினர்க்கு வருகைகளைக் குறைத்து, இன்றியமையாச் சோதனைகளை மட்டும் செய்யினும் பெருந்தீங்கில்லை என்பது அம்முடிபு. அதன்மேல் 2002-இல், வளரும் நாடுகளுக்கென நான்கு வருகை முறை வகுக்கப்பட்டது. ஆயினும் அச்சோதனையின்போதே, புதுமுறையில் வைக்கப்பட்ட மகளிருட் சிலர், வருகைக்கும் வருகைக்கும் இடைவெளி நெடிதென்று கவன்றனர். முறையோ மாறிற்றில்லை. 2010-இல் பல சோதனைகளை ஒருங்குவைத்து ஆராய்ந்தோர், வருவாய் குறைந்த நாடுகளில் வருகை குறைக்கப்பட்டோரிடைப் பிறப்பையொட்டிய குழவிச் சாவு மிகுந்திருக்கக் கண்டனர். 2016-இல் அந்நிறுவனமே எட்டு முறையேனும் காண்க என மாற்றி உரைத்தது. எண்கள் பேசுமுன்னரே தாய்மார் பேசினர் அல்லரோ!

எட்டு என்னும் எண்ணும் தனித்துப் போதாது. மதிப்புடன் நடத்தலும், புரியும்படி எடுத்துரைத்தலும் பேணுகையின் பகுதிகளே என்று அவ்வாண்டின் நெறியுரையே கூறுகின்றது. எட்டு முறை சென்றும் வாய் திறவாது மீள்பவள் பெற்றது ஊசியும் மாத்திரையுமே.

ஆதலின் நம் மாதர் பகுதியினரை ஒன்று வேண்டுகின்றேன். மகப்பேறு முடிந்து சில திங்கள் சென்றபின், அவரவர் இல்லத்தே சென்று கேளுங்கள். ‘நிறைவா?’ என்று கேளாதீர்கள். ‘எத்துணை நேரம் காத்திருந்தாய்? யார் உன்னோடு பேசினார்? என்ன சொன்னார்?’ என்று கேளுங்கள். விடைகளை எழுதி அடுத்த கூட்டத்திற்குக் கொணர்வீராயின், மாவட்ட சுகாதார அலுவலர்க்கு விண்ணப்பம் எழுதும் பணியை யான் ஏற்கின்றேன்.